மேஜை இழுப்பறையில் பன்னிரண்டு வருடம்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை கை வரவில்லை. நன்றாக இல்லையென்றால் இல்லை என்றே எழுது, எனக்காகப் பூசி மெழுக வேண்டாம். போனில் பேசினால் எல்லாக் குரலும் ஒன்றாகத் தலைக்குள் வந்து விழுகிறது, எழுதி அனுப்புங்கள் என்று நீ சொன்னதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சொல்ல வேண்டியதும் போனில் சொல்லக்கூடியது இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் வார்டன் அம்மா போன் செய்தபோது நான் கல்லூரித் தேர்வு ஆபீஸில் விடைத்தாள் கட்டுகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். புள்ளியியல் தேர்வில் இருபது நிமிஷத்தில் நீ எழுந்து போய்விட்டாய், மாடிப்படிக்குக் கீழே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அப்புறம் நான்கு நாளாக அறையைவிட்டு வரவில்லை, சாப்பாட்டுத் தட்டு வாசலிலேயே இருக்கிறது என்றார்கள். கடைசியில், "தூங்கினா எழுந்திரிக்காமலே இருந்துட்டா நல்லா இருக்கும்னு சொல்றாம்மா, அதான் உங்ககிட்ட மறைக்கக்கூடாதுன்னு கூப்பிட்டேன்" என்றார்கள். கையில் இருந்த கட்டு எந்த நம்பரில் நின்றது என்று இன்றுவரை தெரியாது. அவர்களே உன்னை ஆலோசகரிடம் கூட்டிப்போனதற்கும், அப்புறம் இரண்டு ராத்திரி உன் அறையிலேயே படுத்துக்கொண்டதற்கும் நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லப் போகிறேனோ.

மறுநாள் நீ அனுப்பிய செய்தியில், சின்ன வயதில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த அறிக்கை இருக்கிறதா, மாணவர் உதவி மையத்தில் கேட்கிறார்கள், அது இருந்தால் தேர்வுக்குக் கூடுதல் நேரமும் வேறு அறையும் தருவார்கள் என்று கேட்டிருந்தாய். தேடிப் பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். அது பொய் சுண்டு. தேட ஒன்றும் இல்லை. என் ஆபீஸ் மேஜையில் கடைசி இழுப்பறையில், பழைய கேள்வித்தாள்களுக்கு அடியில், பழுப்புக் கவரில் அது பன்னிரண்டு வருடமாக இருந்தது. வீட்டில் வைத்தால் அப்பா கண்ணில் பட்டுவிடும் என்று ஆபீஸில் வைத்தேன்.

உனக்கு எட்டு வயது அப்போது. உன் வகுப்பு டீச்சர் சொல்லித்தான் அந்த டாக்டரிடம் போனோம், நீயும் நானும் மட்டும். மூன்று நாள் உன்னைப் படம் வரையச் சொல்லி, வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தங்களைச் சொல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, சத்தமும் வெளிச்சமும் இவளுக்கு மட்டும் பத்து மடங்காக வந்து சேர்கிறது, எழுத்துகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை, பள்ளிக்கூடத்தில் இந்தக் காகிதத்தைக் கொடுங்கள், அமைதியான இடமும் கொஞ்சம் அதிக நேரமும் கொடுத்தால் நன்றாக வருவாள் என்றார். நான் கொடுக்கவில்லை. அப்பாவிடம், வளர்ந்தால் சரியாகிவிடுமாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறி விழுந்தால் அப்புறம் எல்லோரும் அந்தக் குறியைத்தான் பார்ப்பார்கள், பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள், அதை ஆபீஸில் தினமும் பார்க்கிறவள் நான். அந்த பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் பயம் மட்டும்தானா என்று இப்போது யோசித்தால், என் மகளைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லிவிடக்கூடாது என்ற வீம்பும் இருந்தது. அந்த வீம்புக்கு விலை நீ கொடுத்தாய். ஸ்கேலை மேஜையில் தட்டித் தட்டி, கவனம் எங்கே போகிறது என்று கேட்டு உன்னைப் படிக்க வைத்தேனே, அந்தத் தட்டுகிற சத்தம் உனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கேட்டுவிடு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரியில் ஒரு பெண், இரண்டாம் வருடம், உன்னைப்போலவே ஒல்லியாக இருப்பாள், விண்ணப்பத்தோடு என் மேஜைக்கு வந்தாள். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் கை நடுங்கி எழுத்தே வரவில்லை, வேறு இடத்தில் எழுத அனுமதி வேண்டும் என்று. ஒருத்தருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே கேட்கும் என்று சொல்லிவிட்டு, வாங்கிக் கட்டுக்கு அடியில் வைத்தேன். தேதி தாண்டியது. அவள் ஹாலிலேயே எழுத உட்கார்ந்தாள். அன்றைக்குத் தாள்களை எண்ணியதும் நான்தான், அவள் தாளில் பதிவு எண்ணைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. வராதவர்கள் பட்டியலில் பெயரை ஏற்றிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

உன் வார்டன் போன் வந்ததிலிருந்து அந்தப் பெண்ணின் வெற்றுத்தாள்தான் கண்ணில் நின்றது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பதிவேட்டில் இருந்த விலாசத்தைப் பிடித்துப் போனேன். வீட்டில் கேட்டு அவளைக் கண்டுபிடித்தேன், ஒரு மருந்துக்கடையின் பின் அறையில் மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்குகிற வேலை பார்க்கிறாள். என்னைப் பார்த்ததும், "எக்ஸாம் செக்‌ஷன் மேடம்தானே?" என்றாள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன். உன் விண்ணப்பம் தொலைந்து போகவில்லை, நான்தான் அடியில் வைத்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, அடுக்கிக்கொண்டேதான் சொன்னாள். "தெரியும் மேடம். நீங்க சாப்பிடப் போன நேரம் வந்து பாத்தேன், அடியில இருந்துச்சு. எடுத்து மேல வெச்சுட்டுப் போனேன். மறுநாள் வந்து பாத்தா திரும்ப அடியிலதான் இருந்துச்சு." நின்றபடியே அழுதேன். என்னை மன்னித்துவிடு என்றேன், அவள் அடுத்த அட்டையை எடுத்துப் பிரித்தாள். உனக்கு என்னதான் தேவைப்பட்டது என்று கேட்டபோது, "தனி ரூம்கூட வேணாம் மேடம். கதவு ஓரமா ஒரு சீட்டு, நடுவுல ரெண்டு தடவ எழுந்து வெளிய போயிட்டு வர அனுமதி, அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் கடையில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். மறுபடி சேர இன்னும் ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி மருந்து அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துப் பார்த்தாளோ, கசக்கிப் போட்டாளோ, அது அவள் விருப்பம்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் கவரைக் கொடுத்தேன். பட்டறையிலிருந்து வந்த கையோடு இருந்தார், எண்ணெய் போகும்வரை கழுவிவிட்டு வந்து இரண்டு தடவை படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். "பன்னெண்டு வருஷமா?" என்று கேட்டார். காகிதத்தை மடித்துக் கவரில் வைத்துவிட்டு, "சத்தம் தாங்காம அழுதவள, பழகட்டும்னு பட்டறைல லேத்து மிஷின் பக்கத்துலயே நிக்க வெச்சேன். எம்புள்ளைக்கு நானே அதச் செய்யும்படி பண்ணிட்டியேடி" என்றார். நான்கு நாளாக என்னோடு பேச்சு இல்லை, வேண்டியதற்குக் கையைக் காட்டுகிறார். எனக்கு வேண்டியதுதான், இதற்காக நீ அவரிடம் எனக்காகப் பேசாதே.

நேற்று எங்கள் கண்காணிப்பாளரிடம் அந்தப் பெண் விஷயத்தை எழுத்தில் கொடுத்தேன். பழசை ஏன் கிளறுகிறீர்கள், ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறதே என்றார். வாங்கத் தயங்கினார், வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும்வரை நின்றேன். என்ன நடவடிக்கை வருமோ தெரியாது, வந்தால் வரட்டும். இந்தப் பருவத்தில் இப்படிக் கேட்டு வந்த ஏழு பேருக்கும் இடம் ஒதுக்கச் சொல்லிப் பட்டியலும் வைத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இனி உன் விஷயம். அறிக்கையின் மூலப்பிரதி இதோடு இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இது ஏன் யாரிடமும் போகவில்லை என்பதை மறைக்காமல் நானே கையெழுத்திட்டு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன், படித்துப் பார், கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு, அம்மாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று நினைக்காதே. அறிக்கை பழசு, புதிதாகப் பார்த்து எழுத வேண்டும் என்று சொன்னாலும் சோர்ந்துவிடாதே. ஆலோசகரிடம் போவதை மட்டும் விட்டுவிடாதே. அந்த நினைப்பு, எழுந்திருக்காமல் இருக்கலாம் என்ற அந்த நினைப்பு மறுபடி வந்தால், எந்த நேரமானாலும் வார்டன் அம்மா கதவைத் தட்டு, பேச வாய் வராவிட்டால் வெறுமனே தட்டிவிட்டு நில், அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் படிப்பே வேண்டாம் என்று தோன்றினாலும் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும். எங்களுக்கு நீ வேண்டும், உன் மார்க் இல்லை, இதை எட்டு வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வரவேண்டாம் என்று நீ சொன்னதால் நான் வரவில்லை, நீ கூப்பிடுகிறவரை வரமாட்டேன். ஆனால் அப்பாவைத் தடுக்க முடியவில்லை, நீ வராதே, முதலில் நான் போகிறேன் என்று எனக்கு ஒரு சீட்டில் எழுதி வைத்தார். இந்தக் கடிதமும் கவரும் அவர் பையில்தான் வருகின்றன. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் விடுதிக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கவரை வார்டனிடம் கொடுத்துவிடுவார், மேலே வரமாட்டார், போன் அடிக்கமாட்டார். உனக்குத் தோன்றினால் இறங்கி வா, பேச வேண்டும் என்றுகூட இல்லை. தோன்றாவிட்டால் ஜன்னலுக்குக்கூட வராதே, சாயங்காலம்வரை இருந்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். பட்டறையில் முப்பது வருடம் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர், இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று மெதுவாகப் பேசிப் பார்க்கிறார். சுவர் ஏறிக் குதித்த திருடன் கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. சிரித்துவிடாதே, பாவம், நிஜமாகவே பழகுகிறார்.

உதவி மையத்தில் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை, மறந்துவிடாதே. வேளைக்கு நாலு வாயாவது சாப்பிடு. நீ நிம்மதியாகத் தூங்கி நிம்மதியாக எழுந்திருக்க வேண்டும், இப்போதைக்கு நான் கேட்கிற ஆசீர்வாதம் உனக்கு அது ஒன்றுதான். என்மேல் எத்தனை நாள் கோபம் இருக்கிறதோ அத்தனை நாளும் இருக்கட்டும், அவசரப்பட்டு மன்னிக்காதே.

எப்போதும் உன்னை நினைத்தபடி,
அம்மா