விண்ணப்பத்தில் நான் உனக்குச் சித்தி

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கத்தி பிடிக்கிற விரல்கள் மட்டும் காலையில் மடங்க அடம்பிடிக்கின்றன, வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் வழிக்கு வந்துவிடும். நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னிடமே கேட்கும் நிலையில் நீ என்னை வைக்கவில்லை, உன் பெரியம்மா போனில் பேசுவதைக் காதில் வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது, அவள் கூப்பிட்டால் உடனே எடுக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். போனை எடுக்காமல் விடலாம், கடிதம் வாசலில் வந்து கிடக்கும், குனிந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். பெரியம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறாள். அவளோடு நான் பேசுவதில்லை. ஆனால் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுகிறேன். மேலே பார் என்பேன், பார்ப்பாள், விட்டுவிட்டு வந்துவிடுவேன். இப்போதைக்கு எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு நடந்ததை அவள் வாயால் கேட்டிருப்பாய், என் வாயாலும் கேட்டுக்கொள். ஆபரேஷன் முடிந்த மறுநாள், கண்ணில் கட்டோடு அசையாமல் படுத்திருந்தாள். அவளுடைய போன் சமையல் மேடையில் கிடந்தது. மணி அடித்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நான் எடுத்தேன். ஒரு ஆண் குரல், மரியாதையான குரல். வீடு பார்த்துக் கொடுக்கிற ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றார், உன் பெயரைச் சொல்லி, "அவங்க அம்மாதானே பேசுறது?" என்றார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வேன். "ஒரு வீட்டுக்கு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா, நீங்க ஜாமீன் போட்டிருக்கீங்க, உங்க பென்ஷனைப் பத்தி ரெண்டு கேள்வி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பென்ஷனா? நான் மார்க்கெட்ல மீன் வெட்டுறவங்க, மீன் எனக்கு பென்ஷன் குடுக்குமா?" என்றேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன், காகிதம் புரட்டும் சத்தம்தான் கேட்டது. "இங்க அம்மா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்கன்னு போட்டிருக்கு. மீன் வெட்டுறவங்க சித்தின்னு இருக்கு. நீங்க அம்மாவா, சித்தியா?" என்றார். கட்டிலிலிருந்து உன் பெரியம்மா, குடு, குடு, போனை இங்க குடு என்று காற்றில் கையை வீசினாள், கண் கட்டியிருந்ததால் சுவரைப் பார்த்து வீசினாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள், பிள்ளைக்குப் பின்னால் தொந்தரவு வரும், இப்போதே திருத்திவிடலாம் என்று நினைத்து, "சார், நல்லா எழுதிக்குங்க, நான்தான் அம்மா, பெத்தவ. ஆபீஸ்ல இருந்தது எங்க அக்கா" என்று அவர் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். உனக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன். சரிம்மா, ரொம்ப நன்றி என்று வைத்துவிட்டார். அந்த நன்றியில் உன் வீடு போனது.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள், "நீ ஏம்மா வாயைத் திறந்தே, வாழ்க்கையில ஒரு தடவையாவது சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு" என்றாய். என்னை ஏன் சித்தி ஆக்கினாய் என்று கேட்டேன். "உன்னை அம்மான்னு எழுதினா எவன் வீடு தருவான்?" என்றாய். சொல்லிவிட்டு நீதான் முதலில் வைத்தாய். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும் என்று பெரியம்மா உன் பக்கம் நின்று பதில் சொன்னாள். உண்மைதான், ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் கேட்காமலே விட்டது வேறு. என்னைக் கேட்டு நான் மறுத்திருந்தால் நான் பிடிவாதக்காரி. கேட்காமல் எடுத்ததால் நீ என்ன என்று நீயே சொல்லிக்கொள்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நீ போனைச் சுற்றிக் காட்டியபோது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே அறையில் உன்னோடு மூன்று பெண்கள், மேல் கட்டிலில் படுத்தால் கூரை மூக்கில் இடிக்கும், துணி காயப்போடக் கட்டில் கால், அடுப்புக்கு முறை, குளியலறைக்கு முறை. பகலெல்லாம் இரண்டு வீட்டில் வயசானவர்களைக் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைத்துவிட்டு வந்து, நிம்மதியாக அழக்கூட ஒரு கதவு இல்லை என்று ஒருநாள் சொன்னாய். கைவிட்டுப் போன அந்த வீட்டையும் காட்டினாய். ஒரே அறை, ஆனால் தனிக் கதவு, தொட்டிக்கு மேலே ஜன்னல், பாத்திரம் கழுவும்போது தெரு தெரியும், சுவரோடு ஒரு பச்சை அலமாரி. இந்த அலமாரியில எதை வைக்கிறதுன்னே தெரியலம்மா, என்கிட்ட அவ்வளவு சாமான் இல்லையே என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான்தான் பறித்தேன் என்று நீ சொன்னால், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தப்பு என்றும் சொல்லமாட்டேன். இன்றைக்கு அதே ஆள் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதில்தான் என்று எண்ணிக்கொண்டு இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இந்த முறையை யார் கொண்டுவந்தார்கள் என்றுதான் புரியவில்லை. உன் சம்பளம் கையில் வருகிறது, ரசீது இல்லை, அதனால் அது சம்பளம் இல்லையாம். நீ யாரிடமும் கடன் வாங்கியதில்லை, அதனால் உன்னை நம்ப முடியாதாம். வாங்கிக் கட்டினவனைத்தான் நம்புவார்களாம், வாங்காமலே பிழைத்தவளுக்குச் சாட்சி இல்லையாம். கடன் வாங்காதே என்று உன்னை அடித்து வளர்த்தவள் நான், அது இப்போது உன் தலையில் விடிந்திருக்கிறது. உன் அப்பா போனபிறகு நானும் ஒருமுறை பாங்குக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் நோட்டுகளை நுனி விரலில் வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். ஈரம், செதில், நாற்றம், எல்லாம் இருக்கத்தான் செய்யும், மீன் வெட்டினால் மல்லிகையா மணக்கும். அன்றைக்குத் திரும்பியவள் இன்னும் அந்தப் படியை மிதிக்கவில்லை. நீ எவ்வளவோ சொன்னாய், நான் கேட்கவில்லை. இப்போதும் மிதிக்கமாட்டேன். மார்க்கெட்டில் மீன் மடிக்கிற பழைய பேப்பரை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவள் நான், எனக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை, ஆனாலும் இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

விஷயம் மார்க்கெட்டுக்கும் போய்விட்டது, பக்கத்துக் கடை நண்டுக்காரியிடம் நான்தான் உளறினேன். அவள் விடுவாளா. "ஏங்க்கா, அப்ப பிரசவ வலியையும் உங்க அக்கா கணக்குலயே எழுதிக்கச் சொல்லிட வேண்டியதுதானே" என்று சத்தமாகச் சொல்லி, ஐஸ் உடைக்கிறவர் வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெட்டினதில் ஒரு நல்ல மீன் கோணலாகப் போய்விட்டது, வாங்க வந்தவர் திட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் போன வாரம் உன் பெரியம்மா ரேடியோவை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வேறு ஆபீஸில் வேறு வீடு எழுதிக் கொடுத்திருக்கிறாயாம், இதிலும் அவள்தான் அம்மா, நான்தான் சித்தி, குடும்பத்தைத் தெரிந்த இன்னொருவர் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறாயாம், கூப்பிடுவார்களாம், சித்தி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அதைக்கூட நீ என்னிடம் நேராகக் கேட்கவில்லை. முடியாது என்றேன். "ஒரு பொண்ணு தனியா ஒரு கதவு வேணும்னு கேக்குறா, உனக்கு உன் பேரு பெருசாப் போச்சா?" என்றாள். ஆமாம், பெருசுதான் என்றேன், என்னிடம் வேறு என்ன இருக்கிறது. "பெரியம்மாவும் அம்மாதானேடி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லாதது உனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் அம்மா என்று பார்த்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது, அது எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. தெரிந்தும் இரங்கவில்லை. உனக்கு வேணும்னா பென்ஷனை எழுதிக்க, பிள்ளையை எழுதிக்காதே என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அன்றிலிருந்துதான் பேச்சில்லை.

இதுவரை நேற்று எழுதினேன். மடித்து ஒட்டலாம் என்று இருந்தபோது இன்று மத்தியானம் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு பெண். உன் பெயரைச் சொல்லி, "நீங்க அவங்களுக்கு சித்தி முறைதானே?" என்றாள். பெரியம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை, கையையும் நீட்டவில்லை. அந்தப் பெண் ஹலோ, ஹலோ என்றாள், லைன்ல இருக்கீங்களா என்றாள். உன் மேல் கட்டில் ஞாபகம் வந்தது, கூரை மூக்கில் இடிக்கிற கட்டில். ஆமாங்க என்றேன். எத்தனை வருஷமாத் தெரியும் என்று கேட்டாள், பொறந்ததுலேருந்து என்றேன். சுத்தமா இருப்பாங்களா என்றாள், அவள் துடைத்த தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஜாமீன் போடுற அவங்க அம்மா எப்படிங்க? வாடகை தவறினா அவங்க கட்டுவாங்களா?" என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்து, "அவ அம்மாவை எனக்கு நல்லாத் தெரியுங்க. பிடிவாதக்காரி, யாருக்கும் வளைய மாட்டா, ஆனா மகளுக்குன்னா பட்டினி கிடந்தாவது கட்டிருவா" என்றேன். அந்தப் பெண் சிரித்து, "பரவாயில்லையே, உங்க அக்காவை நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றாள். ஆமாங்க என்றேன் மறுபடியும். வைத்த பிறகு பார்த்தால் பெரியம்மா கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், கண் போனால் யார் பார்ப்பது என்று திட்டினேன். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.

வீடு கிடைத்துவிட்டது என்று ஒரு மணி நேரத்தில் அவளுக்குச் செய்தி அனுப்பினாய். கூடவே, சித்திக்கு தேங்க்ஸ் சொல்லிடுங்க என்று எழுதி ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாய். விளையாட்டுக்குப் போட்டிருப்பாய். பெரியம்மா படித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் போனைக் கொடுத்தாள், நான்தான் சத்தமாகப் படித்தேன்.

சரி, கேட்டுக்கொள். போன உடனே சாமான் வைப்பதற்கு முன்னால் சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வை, முன்னால் இருந்தவர்கள் போட்ட கீறலுக்கு உன்னிடம் கேட்பார்கள். ஜன்னல் கொக்கி விழுகிறதா பார். வாடகையைக் கையில் கொடுக்காதே, உன் அம்மா மாதிரி இருக்காதே, பாங்கில் போட்டுப் பாங்கு வழியாகக் கட்டு, அது ஒன்றுதான் உனக்குச் சாட்சி. ஒழுங்காகக் கட்டிவந்தால் அடுத்த வீட்டுக்கு ஜாமீன் வேண்டாம் என்று பெரியம்மா சொல்கிறாள். அப்போது யார் பென்ஷனும் உனக்குத் தேவைப்படாது. அம்மா பெயர் என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும், அதில் என்ன எழுதுவாய் என்று பார்க்கத்தான் நான் இருப்பேன். அதுவரைக்கும் வா, வந்து பார் என்று என்னைக் கூப்பிடாதே. வீட்டுக்காரம்மா கீழ்மாடியிலேயே இருக்கிறாராம், என்னைப் பார்த்தால் யார் என்று கேட்பார், அவர் முன்னால் நீ என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டியிருக்கும். போனில் ஒருமுறை சொல்லிவிட்டேன், உன் வாயால் கேட்க என்னால் ஆகாது. பெரியம்மா வேண்டுமானால் கண் சரியானதும் வருவாள், அவளை நன்றாகப் பார்த்துக்கொள், அம்மா என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவாள். பச்சை அலமாரி இந்த வீட்டில் இருக்காது, எந்த அலமாரி இருந்தாலும் அது நிறையட்டும். உன் கதவு உனக்குத் திறக்கட்டும், உன் அனுமதி இல்லாமல் யாருக்கும் திறக்காமல் இருக்கட்டும். நன்றாக இரு, மனசார சொல்கிறேன், கோபத்தோடும் சொல்கிறேன்.

ஒன்றை மறக்காதே. வீட்டுக்காரம்மாவிடமும் ஒரு சாவி இருக்கும், எந்த நேரத்திலும் வருவார். இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட்டால் இந்த வீடும் போய்விடும். படித்ததும் முழுவதையும் கிழித்துப் போட்டுவிடு. மனசு வரவில்லை என்றால் நான் உன் அம்மா என்று தெரிகிற இடங்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு மீதியை வைத்துக்கொள், ஆனால் கீழே இருக்கிற கடைசி வரியை மட்டும் கண்டிப்பாகக் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா