மூன்றாம் சரணத்தில் அப்பா

மார்ச் 3, 1986

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, என் புதிய இசைத்தட்டின் அட்டைப் படத்துக்குக் கறுப்புத் தொப்பி வேண்டாம், பழுப்புத் தொப்பியே போதும் என்று இன்று காலை பதினோரு மணிக்கு இறுதியாகத் தீர்மானித்தேன். கம்பெனிக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். எதிர்முனையில் இருந்த பெண், "அட்டையில உங்க மூக்குலேர்ந்து கீழதான் சார் வருது" என்றாள். இருந்தாலும் தேதியைக் குறித்துவைக்கிறேன்.

இது என் ஐந்தாவது தட்டு. முந்தைய நான்கில் மிக உயரம் போன பாட்டு, பட்டியலில் நாற்பத்தொன்றாம் இடம். வானொலியில் நாற்பது வரைதான் வாசிப்பார்கள்.

மார்ச் 6

அப்பாவைப் பற்றி எழுதிய பாட்டைக் கெஸ்லரிடம் வாசித்துக் காட்டினேன். என் தட்டுகளைத் தயாரிப்பவர் அவர். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டு சரணம் அருமை. மூணாவதுல ஏன் யாரும் சாகல?"

கன்ட்ரி பாட்டுக்காரர்களின் ஊரான நாஷ்வில்லில், மூன்றாம் சரணத்தில் யாராவது சாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட வேண்டும் என்றும் சட்டம் இல்லை, ஆனாலும் போடுகிறோம். பாட்டில் நாயைக் கொன்று பார்த்தேன்.

"நாய் போன தட்டுலயே செத்தாச்சு, தம்பி."

"அம்மா?"

"இந்த வருஷம் மட்டும் மூணு பேர் அம்மாவைக் கொன்னுட்டாங்க." பென்சிலைக் கடித்தார். "அப்பா இருக்காரா?"

"இருக்கார். கென்டக்கில. லாரி ரிப்பேர் பண்றார்."

"பாட்டு கேக்கற ஆளா?"

"ரேடியோல வானிலை மட்டும் கேப்பார்."

"அப்ப என்ன, போட்டுடலாம்."

பதினோரு நிமிடத்தில் அப்பா இறந்தார். சாகும்போது என் கையைப் பிடித்து, "உன்மேல எனக்கு ரொம்பப் பிரியம்டா" என்கிறார். ஓடைக்கரை மரத்தடியில் புதைத்துவிட்டு, அவருடைய நீல நிற லாரியை நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன். கெஸ்லர் மூக்கைச் சிந்தினார்.

அம்மா ஆறு வருஷத்துக்கு முன்பு நிஜமாகவே இறந்தாள். அதைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு வரி வரவில்லை.

மார்ச் 14

ஒலிப்பதிவு. முதல் தடவையிலேயே முடிந்தது. மூன்றாம் சரணத்தில் எனக்குக் குரல் உடைந்தது. ஏன் என்று தெரியவில்லை. உடைந்ததை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் பெரியவர் எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார். "எங்கப்பாவும் போன வருஷந்தான் போனார்ப்பா."

"நன்றி" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நிறையச் சொல்லியிருக்கலாம்.

மே 20

பதினெட்டாம் இடம்.

மே 29

வானொலிப் பேட்டி. நடத்தியவள் நல்ல பெண். குரலைத் தாழ்த்தி, அப்பா எப்போது தவறினார் என்று கேட்டாள். போன அக்டோபர் என்றேன். ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்றாள். இல்லை, தூக்கத்திலேயே என்றேன். (பாட்டில் விழித்திருக்கிறார். அவள் கவனிக்கவில்லை.) எந்த ஊர் என்றாள். அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன்.

ஜூன் 7

முதலிடம்.

ஜூன் 9

ட்வைலா அக்கா போன் செய்தாள். "வணக்கம்" சொல்லவே இல்லை.

"டேய், அப்பாவுக்கு எழவுச் சாப்பாடு வந்திருக்குடா."

பக்கத்து மாவட்டத்திலிருந்து, எங்களை யாரென்றே தெரியாத சர்ச் சபைப் பெண்கள். ரேடியோவில் ஊர்ப்பெயரைக் கேட்டு, இரண்டு காரில் வந்திருக்கிறார்கள். அந்தப் பேட்டியில் எனக்கு வினையாக வந்தது அந்த ஒரு உண்மைதான். அடுப்பில் சுட்ட பீன்ஸ், பன்றித் தொடைக்கறி, உருளைக்கிழங்கு சாலட், மூன்று ஆப்பிள் கேக். கதவைத் திறந்தது அப்பா.

"பாவம், நீங்க அவருக்கு என்ன வேணும்னு கேட்டாங்களாம். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? கிட்டத்துச் சொந்தம்னாராம். உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, அவங்க செஞ்ச ஜெபத்துக்கெல்லாம் ஆமென் சொல்லியிருக்கார். நீ இங்க வர்றியா, இல்ல நான் அங்க வந்து உன்னை மிதிக்கட்டுமா?"

ஜூன் 15

தந்தையர் தினம். ஊர் போய்ச் சேர்வதற்குள் கார் வானொலியில் அப்பா நான்கு முறை இறந்தார்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்பது கண்ணாடிப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை டேப் ஒட்டி, அதில் ஒரு பெயர்.

"பேர் போட்டிருக்கு. திருப்பிக் குடுக்கணும்ல" என்றார்.

நானும் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பாத்திரத்தை என்னிடம் நீட்டும்போது சொன்னார்:

"லாரி பச்சைடா. நீலம் இல்ல."

"தெரியும்ப்பா. பாட்டுக்கு நீலம் ஒத்துவந்துச்சு."

"ஓடைக்கரையில போட்டிருக்க. ஏப்ரல்ல அங்க முழங்கால் தண்ணி நிக்கும். யாராவது அங்க புதைப்பாங்களா?"

"தப்புதாம்ப்பா."

இன்னொரு பாத்திரம். தண்ணீர்க் குழாயை மூடினார்.

"சாகறப்ப நான் ஒண்ணு சொல்றேனே. அப்படியெல்லாம் நான் உங்கிட்ட சொன்னதே இல்லையே."

"இல்லப்பா."

"சொல்லியிருக்கணுமோ?"

நான் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வேண்டிய இடம் அது. நான் பாட்டு எழுதுகிறவன்.

ஆகஸ்ட் 11

அக்கா போன். எட்டுப் பாத்திரங்களை அப்பா அந்தந்த வீட்டில் சேர்த்துவிட்டார். ஒன்பதாவது, ஓப்பல் என்ற விதவையுடையது. அதைத் திருப்பிக் கொடுக்க ஐந்தாவது தடவையாகப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் அதில் எதையாவது போட்டுக் கொடுத்தனுப்புகிறாள்.

"முடி வேற வெட்டிக்கிட்டார்டா. சலூன்காரன் சொல்றான், செத்ததுலேர்ந்து உங்கப்பா பத்து வயசு குறைஞ்சுட்டார்னு."

செப்டம்பர் 2

அப்பாவே போன் செய்தார். இதுவரை செய்ததில்லை.

"ஓப்பலைக் கட்டிக்கப் போறேன்."

அவளுக்கு உண்மை தெரியுமா என்று கேட்டேன்.

"பாத்திரம் குடுக்கப் போன மொத நாளே சொல்லிட்டேன். ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் சிரிச்சிட்டா. அவ சபைக்காரங்களுக்குத்தான் நான் இன்னும் செத்தவனோட சொந்தக்காரன். வீடு வீடாப் போயி என் புள்ள பொய் சொல்லிட்டான்னு நான் சொல்ல மாட்டேன். நீயே ரேடியோல ஒரு தடவ சொல்லிடு. கல்யாணம் அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. சொல்லிட்டு வந்து என் பக்கத்துல நில்லு."

சரிப்பா என்றேன்.

செப்டம்பர் 4

கெஸ்லரிடம் சொன்னேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"பாட்டு விருதுப் பட்டியல்ல இருக்கு, அறிவிப்பு அக்டோபர்ல தம்பி. அதுவரைக்கும் அவர் கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

"எதை?"

"செத்திருக்கறதை."

செப்டம்பர் 20

அதே நிலையம், அதே பெண். நேரடி ஒலிபரப்பு. கெஸ்லரிடம் சொல்லாமல் போனேன். பாட்டுக்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லுங்கள் என்றாள்.

"எங்கப்பா உயிரோடதான் இருக்கார்."

சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கார், வெர்லன். இந்தப் பாட்டுல இருக்கார். கேக்கற எல்லார் மனசுலயும் இருக்கார்."

இன்னும் ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. வாயைத் திறந்தேன்.

"நன்றி" என்றேன்.

பாட்டைப் போட்டார்கள்.

— ஒரு வாக்கியம்டா, வெர்லன். லாரிக்கு அடியில படுத்து ஸ்பேனர் புடிச்சிட்டிருக்கார்னு சொன்னா முடிஞ்சது. என்ன கேடு வந்துச்சு எனக்கு? அவ கையப் புடிச்சிருந்தா, அதான். இல்ல. அதுவும் இல்ல. பாட்டோட முதல் மூணு சுரம் காதுல விழுந்துச்சு. நல்லா இருந்துச்சு.

செப்டம்பர் 21

அக்கா சொன்னாள்: ஓப்பல் வீட்டுச் சமையலறையில் இருவரும் சேர்ந்து கேட்டார்களாம்.

"அப்பா என்ன சொன்னார்?"

"வானிலை எப்ப வரும்னு கேட்டார்."

அக்டோபர் 13

விருது கிடைத்தது. மேடையில் அப்பாவுக்கு நன்றி சொன்னேன். கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

அக்டோபர் 15

அப்பாவிடமிருந்து கடிதம். ரிப்பேர் ரசீதின் பின்பக்கம், பென்சிலில். "சனிக்கிழமை நீ வர வேண்டாம். வந்தால் சபையில் உன்னை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஓப்பலுக்குச் சங்கடம். கோபம் இல்லை. பாட்டில் நான் கையைப் பிடித்துச் சொல்கிற அந்த வரியை எடுத்துவிடாதே, இருக்கட்டும்."

நான்கு முறை படித்தேன். கெஸ்லர் போன் செய்து சனிக்கிழமைக்கு நாக்ஸ்வில்லில் ஒரு நிகழ்ச்சி வந்திருக்கிறது, போகிறாயா என்றார்.

அக்டோபர் 18

பிற்பகல் இரண்டு மணிக்கு அப்பாவுக்குக் கல்யாணம். நாக்ஸ்வில்லில் நான் மேடை ஏறியது இரண்டே காலுக்கு. பழுப்புத் தொப்பி. மூன்றாம் சரணம் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.