ஒரே வளையத்தில் இரண்டு சாவி

மார்ச் 3

பழைய வங்கிக் கட்டடம் இன்று முதல் என் வாடகையில். காது பரிசோதனை நிலையத்துக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. பணம் வைத்திருந்த பெட்டக அறைக்கு ஜன்னல் இல்லை, சுவர் முழத்துக்கு மேல் தடிமன். கதவைச் சாத்தினால் கடைத்தெருவே காணாமல் போகிறது.

மாமனாரைக் கூட்டிப்போனேன். இங்கேதான் காசாளராக இருந்து ஓய்வு பெற்றார். பூரித்துப்போவார் என்று பார்த்தால், என் கையிலிருந்த சாவிகளைப் பார்த்து முகம் சுண்டிவிட்டது. "ரெண்டு சாவியும் ஒரே வளையத்துலயா? யாரும்மா இப்படிப் போட்டது?" கட்டடத்துக்காரர் கொடுத்தபடியே வைத்திருக்கிறேன் மாமா என்றேன். காதில் விழவில்லை.

மார்ச் 6

கட்டடத்தின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதி வாசலில் மாட்ட ஆசை. சொல்ல மாமாவை விட்டால் ஆளில்லை. முதலில் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், மின்விசிறி மாற்றிய கதையைச் சொல்கிறார். துருவித் துருவிக் கிடைத்தது இவ்வளவு: முதலில் உப்புக் கிடங்கு. பிறகு வங்கி. வங்கி கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனபின் தட்டச்சுப் பள்ளி. பிறகு பூட்டு. உப்பு தின்ற சுவர் என்பதால் எத்தனை முறை பூசினாலும் கீழே உரிந்துகொண்டே இருக்குமாம்.

பணம் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் தரை குழிந்திருக்கிறது. வரிசையில் நின்ற கால்கள் தேய்த்தது. அதில் நின்று பார்த்தேன்.

மார்ச் 9

வேன்காரன் அவ்வளவு ஹாரன் அடிச்சும் மாமா திரும்பலை. பால்காரர் சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கார். இல்லேன்னா— எழுதக் கை வரவில்லை.

வீட்டில் அவர் பேச்சு: "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க." செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். ஊர்க் காதையெல்லாம் பார்க்கப்போகிறவள், வீட்டில் இருக்கும் காதை என்ன செய்தேன்? பயமாக இருக்கிறது.

மார்ச் 12

ஒருவழியாகச் சம்மதித்து வந்தார். பெட்டக அறை வாசலில் நின்றுவிட்டார். பரிசோதனைக்கு அவர் உள்ளே உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே என் கருவியில் விளக்கு எரியும்.

"இதுக்குள்ள ஒருத்தர் தனியாப் போகக்கூடாதும்மா. ரெண்டு சாவி, ரெண்டு ஆள். அதுதான் சட்டம்."

நான் கூட வர்றேம்ப்பா என்றார் என் கணவர், சத்தமாக. "உனக்கு யாருடா சாவி குடுத்தா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். சட்டமா இது, சாக்கா?

மார்ச் 13

அந்த இன்னொரு சாவி யாரிடம் இருந்தது?

மார்ச் 15

மேனேஜரிடம். ஓய்வுபெற்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறார். இன்னார் மருமகள் என்றதும் விறைப்பானார். "கடைத்தெருவுல ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். உங்க மாமனார் திரும்பிக்கூடப் பாக்கல. என்ன கோவமோ, சரி போன்னு விட்டுட்டேன்."

காது கேட்பதில்லை என்றேன். கையைக் காதருகே வைத்து, "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். இரண்டாவது சாவிக்கு ஆளில்லாமல் மாமா பெட்டக அறைக்குள் வர மறுப்பதையும் சொன்னேன். உடனே சட்டையை எடுக்க உள்ளே போனார். இன்றைக்கு இல்லை சார், செவ்வாய்க்கிழமை என்று நிறுத்த வேண்டியதாயிற்று.

மார்ச் 18

வளையத்திலிருந்து கழற்றி ஆளுக்கொரு சாவி கொடுத்தேன். மாமா திருப்ப, மேனேஜர் திருப்ப, கதவு திறந்தது. இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள். மாமா ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார், மேனேஜர் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தார்.

விளக்கு எப்போதாவதுதான் எரிந்தது. எத்தனையோ பேருக்குப் பார்த்தவள்தான், ஆனாலும் இன்று கண் கலங்கிவிட்டது.

"வந்தது வந்தேன், எனக்கும் பாத்துடும்மா" என்றார் மேனேஜர். இடது காது மாமாவுடையதைவிட மோசம். இருவரின் பரிசோதனைத் தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

மாமா மேனேஜர் முகத்தருகே குனிந்து கேட்டார்: "அப்ப நான் பஸ்ஸுலேர்ந்து கூப்பிட்டது உங்களுக்கும் கேக்கலையா சார்? நான் வேற மாதிரில்ல நெனச்சுட்டேன்."

மார்ச் 29

இருவருக்கும் காது கேட்கும் கருவி பொருத்தியாயிற்று. "இந்த மின்விசிறி இவ்வளவு சத்தம் போடுமா?" என்கிறார் மாமா.

ஏப்ரல் 4

சாவிகள் திரும்பி வரவே இல்லை. ஆளுக்கொன்றை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள். என் பரிசோதனை அறையை நானே திறக்க முடியாத கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? கேட்டால், "சட்டம்னா சட்டம்தானம்மா."

இன்று ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள், மேனேஜரைக் காணோம். மாமா வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, நான் மாட்டிய வரலாற்றுப் பலகையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஷியர்" என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல். சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்.

மாமா திரும்பினார்.