ஐந்து என்று எழுதிய தகடு

மூன்று நாளாகச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், கையை விட்டு ஆயில் வாடை போகவில்லை. ஓவர்லாக் தையல் மெஷினுக்குத் திருப்புளி தேடி உங்கள் டூல்ஸ் பெட்டியைத் திறந்ததில் வந்த வினை. பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி நீங்கள் வைத்தபடியே இருந்தது, வால்வு இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ். விசிறிபோல் விரியும் அதன் தகடுகளில், ஐந்து என்று எழுதிய மெல்லிய தகட்டில் குறுக்கும் நெடுக்குமாக உப்புத்தாள் கீறல். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் பைக்கோடு உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிப்போகும். மெக்கானிக்கிடம் விட மாட்டீர்கள். கட்டின பெண்டாட்டியைக்கூட இப்படிப் பார்ப்பதில்லை என்று நான் சீண்டுவேன். சிரித்துக்கொண்டே ஸ்பேனரால் என்ஜினைச் சுற்றுவீர்கள். பக்கவாட்டு ஓட்டையில், என்ஜினை நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டும் கோடு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "கோடு வந்துருச்சுங்க" என்பேன். வால்வுக்கு மேலே உள்ள இடைவெளியில் தகட்டை நுழைத்து, லேசாகப் பிடிக்கிற வரை திருகுவீர்கள்.

"சத்தம் வந்தாக்கூடப் பரவால்ல அம்மிணி, டைட்டா மட்டும் இருக்கக்கூடாது. வால்வு மூடலீன்னா வண்டி கெளம்பாது" என்பீர்கள்.

அந்த வாரம் எனக்கு அவசரமாகத் தைத்துத் தர வேண்டிய பீஸ். ஓவர்லாக் பல்லில் பஞ்சு அடைத்துத் துணி நகரவில்லை. கைக்குக் கிடைத்த மெல்லிய பொருள் உங்கள் தகடு. கிண்டி எடுத்தேன், ஈரத்துணியில் துடைத்தேன், தொட்டி ஓரத்தில் வைத்தவள் மறந்தே போனேன். இரண்டு நாளில் துரு. நீங்கள் பார்ப்பதற்குள் உப்புத்தாளை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். பளபளவென்று வந்ததும் எனக்கே பெருமை. தேய்த்தால் தகடு மெலியும் என்று இந்தக் களிமண் மண்டைக்கு உறைக்கவில்லை.

ஞாயிறன்று தகட்டை நுழைத்தவர் ஒரு கணம் நிறுத்தினீர்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ஏனம்மிணி, இந்தத் தகட்டை ஏதாச்சும் பண்ணுனியா?"

"இல்லீங்க" என்றேன்.

அடித்திருப்பீர்களா? ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அரை நாள் முகம் கொடுக்காமல் இருப்பீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பயந்து சொன்ன பொய். நீங்கள் நம்பினீர்கள். தகடு பிடிக்கிற வரை திருகிவிட்டுக் கை கழுவப் போனீர்கள்.

திங்களிலிருந்தே வண்டி காலையில் அடம் பிடித்தது. பனி என்றீர்கள். வியாழக்கிழமை காலை கம்பெனிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சாய்ந்தீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் உங்களை ஏற்றிப் போகத்தான் வண்டியை உதைத்தார். சோக்கைப் போட்டு உதைத்தார், எடுத்துவிட்டு உதைத்தார், தள்ளிக்கொண்டு ஓடினார். வேர்த்துக் கொட்டி அவர் நிற்கும்போது கம்பெனி வேன் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் கையை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமுங்க" என்றார்.

ஒரு வருஷமாக அந்த வண்டியைச் சபித்துக்கொண்டிருந்தேன். சனியனே என்று ஒரு நாள் உதைத்தும் இருக்கிறேன்.

நேற்று டவுன் பஸ்ஸில் போய்ப் புது ஃபீலர் கேஜ் வாங்கி வந்தேன். இன்று காலை நானே ஸ்பேனரைச் சுற்றி, நானே ஓட்டையில் குனிந்து பார்த்தேன். கோடு வந்தது. சொல்லத்தான் ஆளில்லை. புதுக் கேஜில் ஐந்தை எடுத்து வால்வுக்கு மேலே வைத்தேன். நுழையவில்லை. தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். நுழையவே இல்லை, அவ்வளவு டைட். நான் தேய்த்த பழைய ஐந்தை வைத்தேன். அன்றைக்கு நீங்கள் விட்ட அளவில், லேசாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது.

வண்டி கிளம்பியிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? யாரிடம் கேட்பேன்? பக்கத்து வீட்டு அண்ணனிடமா? அவர் இன்னும், தன்னால்தான் ஸ்டார்ட் பண்ண முடியவில்லை என்று என் முகத்தைப் பார்க்காமல் போகிறார். நாளைக்கு அவரிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும். பழைய தகடு என் உள்ளங்கையில் இருக்கிறது. கேளுங்கள், இன்னொரு தடவை அதே மாதிரி கேளுங்கள்.

ஆமாங்க. நான்தானுங்க.