மணி அடிக்காத கேள்வி

செப்டம்பர் 14, ஞாயிறு

எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது. நேற்று லோதி ரோடு கூட்டத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தது ஜ்யோத்ஸ்னா அம்மா. எல்லோருக்கும் நோட்டு கொடுத்து, மனசில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு என் போனை வாங்கினார்.

"எனக்கும் தமிழ் படிக்க வராது, தர்மன் ஜி. இந்த டெல்லி சரோஜினி நகர்லயே பொறந்து வளர்ந்தவ. உங்களைப் பாத்து நான் சிரிக்க முடியாது."

என் பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு எத்தனையோ நாளாகிறது. நம்ம ஜனங்களுக்கு நான் வெறும் 'தலைவர்'தான். வீட்டு வேலை, கட்டட வேலை செய்கிறவர்களின் சங்கத்துக்கு. அவர் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்குத் தலைமை.

கூட்டம் என்னவென்றால், இப்படித் தொண்டு நிறுவனம் நடத்துகிற எட்டுப் பேர் மாதம் ஒரு சனிக்கிழமை வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்வார். மற்றவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். யோசனை சொன்னால், நடத்துகிற ரோஹிணி அம்மா மேசை மணியைத் தட்டுவார். பேசியது வெளியே போகவும் கூடாது.

நேற்று அடித்த மணியெல்லாம் எனக்குத்தான். ஓர் அம்மா, தன்னிடம் ஆள் நிற்பதில்லை என்றார். "சம்பளத்தை ஏத்திக் குடு" என்றேன். டிங். "சரி, ஏத்தாதே" என்றேன். அதற்கும் டிங்.

செப்டம்பர் 17, புதன்

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஜோடி சேர்த்துவிட்டார்கள். எனக்கு ஜ்யோத்ஸ்னா அம்மா. புதன் சாயங்காலம் போனில் பேச வேண்டும்.

"உங்க கஷ்டம் என்ன, தர்மன் ஜி?"

தண்ணீர் லாரி வராததைச் சொன்னேன். பால்வாடிக் கூரை ஒழுகுவதைச் சொன்னேன்.

"அச்சா. அது சங்கத்தோட கஷ்டம். உங்களோடது?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

சாந்தகுமாரி வந்தாள். சங்கத்து வேலை முழுவதுக்கும் இப்போது அவள்தான் ஓடுகிறாள். உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்: "தலைவரே, நவம்பர் பொதுக்கூட்டத்துல தலைவருக்கு நான் நிக்கலாமா?"

டீ குடிக்கிறாயா என்றேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

அவளுக்குத் தகுதி இருக்கிறது. கேட்டதும் தப்பில்லை. பின்னே நான் ஏன் டீயைப் பற்றிப் பேசினேன்?

பழைய குடிசைகளை இடித்த வருஷம் எனக்குக் காய்ச்சல். வாசல் நிறைய ஆள். நீலப் பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பெண்டாட்டி சந்திரம்மாள் சொன்னாள்: "உங்களைப் பாக்க ஒருத்தரும் வரல. எல்லாம் தலைவரைப் பாக்க வந்தவங்க." அன்று சிரித்தேன். அப்போது என்னைப் பார்க்க அவள் இருந்தாள்.

இன்றைக்கும் காலையிலிருந்து கதவு தட்டுகிறார்கள். ரேஷன் கார்டு, போலீஸ், புருஷன் அடிக்கிறான். நாற்காலியை விட்டால் இந்தக் கதவை யார் தட்டுவார்?

அக்டோபர் 8, புதன்

இன்றைக்கு ஜ்யோத்ஸ்னா அம்மா பேசினார், நான் கேட்டேன்.

"நான் டீ ரூமுக்குள்ள நுழைஞ்சா பேசிண்டிருந்தவா எல்லாம் வாயை மூடிக்கறா. இப்ப ஸ்கூலை நடத்தற போர்டு எனக்குப் பதிலா வேற ஆளைக் கொண்டுவரப் பாக்கறது. வெள்ளிக்கிழமை மீட்டிங். ஸ்டாஃப் யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன்."

"விடாதீங்கம்மா! நான் இருக்கேன்!"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா கேட்டுக்கோங்கோ, போதும்."

எப்படிச் சும்மா இருப்பது?

அக்டோபர் 10, வெள்ளி

எங்கள் சங்கத்தில் ஒருத்திக்கு வேலை போகிறது என்றால் அந்த வீட்டு கேட்டில் போய் நிற்போம். எங்களுக்குத் தெரிந்த துணை அது ஒன்றுதான். பெண்களைத் திரட்டி, கொடி பிடித்து, டெம்போவில் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். "ஜ்யோத்ஸ்னா அம்மாவை மாத்தாதே!" தமிழிலும் ஹிந்தியிலும் நல்ல கோஷம். காது கேளாத பிள்ளைகள் ஜன்னலில் நின்று கை ஆட்டின.

அவர் வெளியே வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் எதிரே வந்து மெதுவாகத்தான் பேசினார்.

"என் டீச்சர்களுக்கே நான் சொல்லலை. இப்ப வாட்ச்மேனுக்கும் தெரியும். நானே கூட்டிண்டு வந்தேன்னு போர்டு நினைச்சுண்டிருக்கு. ஏன் தர்மன் ஜி?"

திரும்பும்போது டெம்போவில் கூட வந்த வடிவு கேட்டாள்: "ஜெயிச்சுட்டோமா தலைவரே?"

அக்டோபர் 11, சனி

வட்டத்தில் அவர் நாற்காலி காலி. நான் வாயே திறக்கவில்லை. மணியும் அடிக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

போன் வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தம். சங்கத்தில் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். யாருக்குக் கொடுப்பது — கொடுத்தவர்களுக்கேவா?

போன் செய்யலாமா? செய்து என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்கிற சாக்கில் இன்னொரு யோசனை சொல்லிவிடுவேன். என் வாயை எனக்குத் தெரியும்.

நவம்பர் 8, சனி

அவர் வந்திருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. சொல்கிற முறை இன்று என்னுடையது. தண்ணீர் லாரி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"நம்பிச் சொன்னதைத் தெருவுல வச்சு கத்திட்டேன். கத்தாம ஒருத்தர் பக்கத்துல உக்கார எனக்குத் தெரியல. தலைவர் வேலையை விட்டா என் கதவை ஒருத்தரும் தட்ட மாட்டாங்க. அந்தப் பயத்துல ஒரு பொண்ணுக்குப் பதில் சொல்லாம இருக்கேன்."

ஜ்யோத்ஸ்னா அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார். "யாரும் தட்டாத ஒரு நாள் எப்படி இருக்கும்னு பாத்திருக்கேளா?"

இல்லை என்றேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

நவம்பர் 9, ஞாயிறு

நானே சாந்தகுமாரி வீட்டுக்குப் போனேன். "தலைவருக்கு நீ நில்லு" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றாள். குடித்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பொதுக்கூட்டம். எல்லாக் கையும் அவளுக்கு உயர்ந்தது. என் கையும்.

டிசம்பர் 3, புதன்

தெருவில் "தலைவரே!" என்று யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பினேன். எனக்குப் பின்னால் சாந்தகுமாரி வந்துகொண்டிருந்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பார்த்துவிட்டேன், ஜ்யோத்ஸ்னா அம்மா. யாரும் தட்டாத நாள் ரொம்ப நீளமாக இருக்கிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது.

டிசம்பர் 10, புதன்

சாயங்காலம் போன் அடித்தது.

"தர்மன் ஜி. போர்டு முடிவு பண்ணிட்டா. மார்ச்சோட நான் போறேன்."

நாக்கு துடித்தது. கோர்ட், பெட்டிஷன், பத்திரிகைக்காரர்கள் — எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டேன். எந்தக் கேள்வி கேட்பது என்றும் தெரியவில்லை.

"சாப்டியாம்மா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார்.

"இல்லை. காலம்பறலேந்து. நீங்க?"

"நானும் இல்ல."

"நான் குக்கர் வெக்கறேன். போனைக் கட் பண்ணாதீங்கோ."

ஸ்பீக்கரைப் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு நானும் உலை வைத்தேன். யாரும் பேசவில்லை. அவர் வீட்டில் விசில் வந்தது. இங்கே அரிசி கொதித்தது.