வீட்டு ஏக்கத்துக்கு நீங்கள் தந்த மருந்து

அண்ணை,

இன்று காலை ஸ்ரௌவ்வில்லில், மகள் வீட்டுக் குசினியில், அவள் கேத்திலுக்குள் வினாகிரிப் புளிக்காடி விட்டுக் கொதிக்க வைத்தாள். உள்ளே பிடித்த உப்புக் கழலுமாம். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"என்னப்பா, ஓகேயா?"

"ஓமம்மா, கண் எரியுது."

பொய். கண்ணுக்குள் நீங்கள் வந்து நின்றீர்கள்.

கனடா வந்த புதிதில் நாங்கள் பெடியங்கள் எல்லாரும் ஒன்றாய் இருந்த பார்க்டேல் பேஸ்மென்ற் அறையின் நிலத்தை நீங்கள் வினாகிரி போட்டுத்தான் துடைப்பீர்கள். ஊரில் வைத்தியப் படிப்பைப் பாதியில் விட்டுவந்த மனிசன். லைப்ரரியில் எடுத்த தடித்த புத்தகத்தோடு படுத்தெழும்புவீர்கள். அதில் இருப்பது, கடல் கடந்து சண்டைக்குப் போகும் படையாட்களுக்கு அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் சொன்ன புத்திமதிகளாம். ஈர நிலத்தில் படுக்காதே, பழுக்காத பழம் தின்னாதே, தங்கும் இடத்தை வினாகிரியால் கழுவு. வெட்டுப்பட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்தவர்களே கூட என்பீர்கள். "நாங்களும் படைதானடா, துவக்குத்தான் இல்லை" என்று எங்கள் ஈரச் சப்பாத்தைக் கழற்றவைப்பீர்கள். அறை முழுக்க ஊறுகாய்ப் போத்தல் மணம். வந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது.

முதல் மாரியில், வெளியே பனி கொட்டிய நாட்களில், நான் சாப்பாட்டை விட்டேன். வேலைக்கும் போகாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். அம்மாவைக் காணாமலே செத்துப்போவேன் என்று உண்மையாகவே நம்பினேன். நீங்கள் நாடி பிடித்துப் பார்த்தீர்கள்.

"உது வருத்தம்தான், உண்மையான நோய். வீட்டு ஏக்கம். படையாட்கள் உதாலயே செத்திருக்கினம்."

"மருந்து?"

"வீட்டுக்கு அனுப்புறது."

அறையே சிரித்தது. குண்டு விழும் ஊருக்கு எங்களை ஆர் அனுப்புவது? நீங்கள் சிரிக்கவில்லை.

"சில பேருக்கு லீவு தாறம் எண்டு சொன்ன உடனயே சுகம் வந்திட்டுதாம். வெளிக்கிட முதலே." பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்தீர்கள். "அடுத்த வருஷம் போறம்."

விசர்க்கதை என்று தெரியும். ஆனாலும் அன்று சோறு இறங்கியது.

பிறகு கலியாணம், பிள்ளைகள், அஜின்கோர்ட்டில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். மாரி தொடங்க நான் வந்து உங்கள் வாசலில் நிற்பேன். நீங்கள் அதையே சொல்வீர்கள். அம்மா செத்த செய்தி வந்த அன்றும் அதைத்தான் சொன்னீர்கள். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகும் நாம் போகவில்லை. போய்வந்தால் மருந்து முடிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம். அதை ஒருநாளும் நாம் வாய்விட்டுப் பேசியதில்லை.

போன மாரியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ச்சலோடு கண்ணைத் திறந்தீர்கள்.

"எப்பயடா போறம்?"

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த வருஷம், அண்ணை."

சிரித்தீர்களே! "டோஸ் சரி" என்றுவிட்டுக் கண்ணை மூடினீர்கள். பிறகு திறக்கவேயில்லை.

இப்போது மறுபடியும் மாரி. சாப்பாடு இறங்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அடுத்த வருஷம் போறம்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். என் வாயால் சொன்னால் மருந்து கேட்கவில்லை, அண்ணை. நீங்கள்தான் சொல்லவேண்டும்.