ஓக் காட்டில் தேங்கிய சருகு

ரங்கூனில், பசுந்தாங் ஓடைக்கரை அரிசி ஆலைகளில் உமி எரிகிறது. ஜன்னலைச் சாத்தியும் புகை அறையைவிட்டுப் போகவில்லை. உடனே உன் நினைப்புதான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

ஷான் மலைக்கு நாம் இருவரும் மரம் அளக்கப் போனோமே, அந்த ஓக் காடு. அதற்குத் தீயே ஆகாதென்று காட்டிலாகா துரை, வெளித்தீ தாண்டாதபடி எல்லையில் தடம் வெட்டிக் காவல் போட்டிருந்தார். முன்பெல்லாம் மலைக்காரர்கள் தை மாதப் பனி ஈரத்திலேயே சருகைக் கொளுத்திவிடுவார்கள். தரையோடு ஊர்ந்து போகும் தீ, தடித்த பட்டையை ஒன்றும் செய்யாது. அந்த வழக்கம் நின்று பல வருஷம். அளவு நாடாவை மரத்தைச் சுற்றிப் பிடித்தபடி நீ கத்தினாய்:

"டேய், இங்க கிழவனுங்க மட்டும்தான்டா நிக்கிறானுங்க! பிள்ளைகுட்டி ஒண்ணையும் காணோம்."

உண்மைதான். மேலே பெருமரங்கள், நடுத்தர மரம் ஒன்றுகூட இல்லை. கீழே புதரும் கொடியும் அடைத்து, ஓக் கன்றுக்கு வெயிலே விழவில்லை. சருகு முழங்கால் வரை. மெத்தை மாதிரி இருக்கிறது என்றேன். "மெத்தை இல்லடா, அடுக்கி வச்ச விறகு" என்றாய்.

தையில் கொளுத்திவிடலாம் என்று, அந்தக் காட்டுக் காவல் பொறுப்பிலிருந்த நீயே துரையிடம் போய்ச் சொன்னாய். காவல்காரனே நெருப்பு வைப்பதா என்று அவர் சிரித்தார். வெளியே வந்து, "சிரிக்கட்டும். பங்குனியில சிரிக்கிறாரான்னு பாப்போம்" என்றாய்.

பங்குனியில் நான் ரங்கூனில் வரைபடம் தீட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மலையிலிருந்து வந்த தீ தடத்தைத் தாண்டி, கொடி பிடித்து உச்சிக்கு ஏறியதாம். எந்தப் பட்டையும் தாங்காத தீ. காவலாட்களை முன்னால் விரட்டிவிட்டு நீ கடைசியாக ஓடிவந்தாயாம். கிழவர்களும் போனார்கள், நீயும் போனாய்.

இப்போது மேற்கு மலையிலும் தீ கூடாதென்று மூடியிருக்கிறார்கள். காவல் பொறுப்பு எனக்கு. போய்ப் பார்த்தேன், சருகு கணுக்காலைத் தாண்டிவிட்டது. உன்னோடு இருந்து தப்பிய ஆட்களே அங்கேயும் காவல். துரையிடம் வாயைத் திறந்தேன். "உன் கூட்டாளி மாதிரி நீயும் ஆரம்பிக்காதே. வேலை போய்விடும்" என்றார்.

போகட்டும்.

உன் அளவு நாடாவின் பித்தளைக் கூடு மட்டும்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. நாடா உள்ளேயே சாம்பலாகியிருந்தது. நாளை மலைக்கு ரயில். அங்கே தைப் பனி இறங்கியிருக்கும். கூட்டைத் துடைத்து, நிறையத் தீக்குச்சி அடைத்து வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கிறது. நனையாது.